சந்தைக்குப் பின்னால் வந்த பிள்ளையார்

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள், மேற்பார்வைக்காரி நடைவழியின் கோடியைக் காட்டி, "லூ அங்கே இருக்கு" என்றாள். லூ என்பவர் பெரிய அதிகாரி, அவரைக் கண்டு வரவேண்டும் என்று விளங்கிக்கொண்டேன். கோட்டைச் சரிசெய்து, பத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். "ஆள் இருக்கு" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "குட் மோர்னிங், மிஸ்டர் லூ" என்றேன். பத்திரங்களோடு வாசலிலேயே காத்து நின்றேன். லூ என்றால் கக்கூஸ் என்று மத்தியானம்தான் தெரியவந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் என் மச்சாள் செல்லம்மாவை நினைத்துக்கொண்டேன்.

திருகோணமலைச் சந்தையில் மீன் விற்ற பெண்களுக்கு அப்போது கக்கூஸ் இல்லை. சல்லி ஊரிலிருந்து விடியமுன் வருகிறவர்கள் வெயில் ஏறும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அப்படி அடக்கி அடக்கியே மச்சாளுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தா. அதே வாட்டில் அதே நோயோடு ஒரு மீன்காரி செத்துப்போனதைக் கண்டுவிட்டு வந்தவ, "சந்தைக்குப் பின்னால நானே கட்டப்போறன்" என்றா. அனுமதிக் கடிதத்தை நான்தான் எழுதினேன். நகரசபை ஓம் என்றது. சந்தைச் சங்கத் தலைவர் மட்டும் ஏலாது என்றார்.

"மணக்கும், பிள்ளை. மீன் வியாபாரம் கெட்டுப்போகும்."

சுற்றிவர அழுகிய சூடைமீன் கிடக்க, மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டுதான் அவர் அதைச் சொன்னார். கூலிக்கு ஒருவரும் வரக்கூடாது என்றும் சொல்லிவைத்தார். மச்சாள் கடவுளை வேண்டிக்கொண்டு, வியாபாரம் முடிந்த கையோடு தானே மண்வெட்டி பிடித்தா. கை கொப்பளித்தது. நாலாம்நாள் காலை போய்ப் பார்த்தால், குழிக்குள் ஒரு கருங்கல் பிள்ளையார், தலையில் செவ்வரத்தம்பூவோடு இருந்தார். தலைவர் கைகூப்பி நின்றார்.

"சுயம்பு. இனி இதில கக்கூஸ் கட்ட ஏலாது."

சுயம்புவின் அடியில் சீமெந்து ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. மச்சாள் குழிக்குள் இறங்கிக் கும்பிட்டு, "நல்லகாலம் வந்தீங்கள். துணையில்லாமல் நிண்டனான்" என்று பிள்ளையாரோடு கதைத்தா. அவரை மார்போடு அணைத்துத் தூக்கிவந்து, பூவரச மரத்தடியில் குழியைப் பார்க்க இருத்தினா.

"சாமியை நகர்த்தலாமோ?" தலைவர் பதறிப்போனார்.

"தானா வந்தவர்தானே ஐயா. நடக்கத் தெரிஞ்சவர், நான் கொஞ்சம் கைகுடுத்தனான்."

அன்று மத்தியானம் கிண்ணியாவிலிருந்து கருவாடு கொண்டுவரும் முஸ்லிம் ராத்தா ஒருவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அடுத்தநாள் பதினொரு பெண்கள். சுயம்பு என்று சொன்ன வாயால் இல்லை என்று சொல்ல ஏலாமல், சங்கத்துக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் பூசைக்கு வந்தார்கள். அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று தலைவரே நகரசபைக்கு அலைந்து குழாய் எடுத்தார். அந்தக் குழாய்தான் கக்கூசுக்கும். கதவு மாட்டிய அன்று மச்சாள் சந்தை நடுவில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தா.

"உண்மையாக் கடவுள் வந்தார் எண்டோ நினைக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"தூக்கிக்கொண்டு வந்து வைச்சது சங்கத்துக்காரர். வர ஒப்புக்கொண்டது அவர்தானே."

இங்கே என் அறை யன்னலில் ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையார் இருக்கிறார். தெருவைப் பார்க்க வைத்தால் எனக்கு முதுகு காட்டுகிறார். என்னைப் பார்க்க வைத்தால் இந்த ஊருக்கு முதுகு. கனநாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்போது பக்கவாட்டில் இருத்தியிருக்கிறேன். ஒரு காது என் குசினி அடுப்புப் பக்கம், மற்றக் காது பனி கொட்டும் பக்கம்.