முப்பது விரிப்புக்கு ஒரு கதை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்பதால் வந்த பெயர். ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்தை நிறுத்தியதில் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். அவளுக்கு மட்டும் உள்ளூர நிம்மதி. இருபது வயதில் இந்த வேலைக்கு வந்தவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு ஆகிறது. வீட்டுக்காரர் நல்லவர், மகள் நன்றாகப் படிக்கிறாள், சுடச்சுட வரும் துணியின் வாசனை பிடித்திருக்கிறது. அவள் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை.

உலர்த்தும் மிஷினிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. எதிர்முனையைப் பிடிப்பவள் அக்கா. வயதில் பதினைந்து வருஷம் மூத்தவள், சலவைக்கூடத்தில் எல்லோருக்குமே அக்கா. ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து, ஓர் உதறு உதறி, இழுத்து, நீளவாக்கில் மடித்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பூனை தன் முனைகளை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடிப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்த தூரத்தைச் சேர்த்தால் எத்தனையோ ஊர்களைத் தாண்டியிருக்கலாம்.

பூனை வாய் திறந்ததே ஒரு டிவி தொடரால்தான். அச்சகம் நடத்தும் இரண்டு சகோதரிகளின் கதை அது. பெரியவள், சின்னவள் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாலை ஏழு மணிக்கு ஐந்து வருஷம் ஓடியது. அக்கா அப்போது மாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாளும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

"நேத்து என்னடி ஆச்சு?" என்று ஒருநாள் காலையில் கேட்டாள்.

விரிப்பை உதறும்போது அது இருவருக்கும் நடுவில் எழுந்து முகத்தை மறைக்கும். அந்த மறைவில் பூனை ஒரு வாக்கியம் சொன்னாள். அடுத்த விரிப்பில் இன்னொன்று. முகம் தெரியாதபோது தொண்டை அடைக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முப்பது விரிப்பு மடித்து முடிக்கையில் முந்தின நாள் கதை முடிந்திருக்கும். வேறு யாராவது அந்தத் தொடரைப் பற்றி ஆரம்பித்தால் அக்கா காதைப் பொத்திக்கொள்வாள். "வாயை மூடு. நான் பூனைகிட்டதான் கேப்பேன்."

இரண்டாவது வருஷத்தில் சின்னவள் நோயில் விழுந்தாள். ஆபரேஷன் மேஜையிலேயே செத்தும் போனாள். நாடே அழுதது. அதே வாரம் அக்காவின் தங்கை இதே ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில், ஏறக்குறைய அதே ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தாள். சின்னவள் செத்த மறுநாள் காலை விரிப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சின்னவ எப்படிடி இருக்கா?"

"பிழைச்சுக்கிட்டாக்கா" என்றாள் பூனை.

சொன்னது சொன்னதுதான். அப்புறம் தொடரில் இல்லாமல் போன சின்னவளைக் கதையில் என்ன செய்வது? கடற்கரை ஊர் ஒன்றில் வேறொரு அச்சகத்துக்கு வேலைக்கு அனுப்பினாள். கூரை ஒழுகும் வாடகை வீட்டில் குடிவைத்தாள். மாதம் ஒரு கடிதம் போடவைத்தாள். அக்காவின் தங்கை குணமாகி வீடு திரும்பிய பிறகும் உண்மையைச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. வாய்த்தபோது மனம் வரவில்லை. தொடர் முடிந்த மறுநாள், சின்னவள் வீட்டுக்கு வர ரயிலேறிவிட்டாள் என்று சொல்லி ஒருவாறு கணக்கை முடித்தாள்.

பதினோரு வருஷம் கழித்து அந்தத் தொடரைச் சினிமாவாக எடுத்தார்கள். பூனை போகவில்லை. அக்கா முதல் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டு வந்தாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடம் இரண்டுபட்டது. பாய்லர்காரரும், கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரியும் தொடர் முடிந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனால் இருவரும் அதை ஒரு நாள் விடாமல் பார்த்தவர்கள்.

"அச்சகத்தை இடிச்சுட்டுக் கண்ணாடிக் கட்டடம் கட்டியிருக்கானுங்க. அந்த மை வாசனை எங்கே போச்சு?" என்றார் பாய்லர்காரர்.

"டிவியில உங்களுக்கு மை வாசனை வந்துச்சாக்கும்?"

"பெரியவளா வர்றாளே புதுசா ஒருத்தி, மூஞ்சில ஒரு சுருக்கம் உண்டா? அஞ்சு வருஷம் அழுத மூஞ்சியா அது?"

"இப்பவாவது அவ சிரிக்கட்டுமேண்ணே. கல்யாணம் பண்ணிவச்சிருக்காங்க, எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு அழவச்சுப் பாக்கணும் உங்களுக்கு?"

அக்கா டப்பா மூடியை டங்கென்று வைத்தாள். "அதெல்லாம் கிடக்கட்டும். சின்னவளை எதுக்குப் போட்டோவா சுவத்துல மாட்டினாங்க? ரயிலேறி வந்துக்கிட்டிருந்தவ எங்கே போனா?"

காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இருவரும் முதல்முறையாக ஒன்றாகத் திரும்பினார்கள்.

"எந்த ரயிலு? அவ ஆபரேஷன்லயே போயிட்டாளே. நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை" என்றாள் தையல்காரி.

"புளுகாதீங்க. கடற்கரை ஊர்ல வேலைக்குப் போனா, ஒழுகற வீட்ல இருந்தா, மாசாமாசம் லெட்டர் போட்டா..."

"அக்கா, அது வேற சீரியலா இருக்கும்."

"வயசாகுதுல்ல, நாலஞ்சு கதை ஒண்ணாக் கலந்திருக்கும்" என்று பாய்லர்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்புத்தான்.

"பூனை, நீயே சொல்லு. நீதானே பார்த்தே?"

மூன்று முகங்கள் அவள் பக்கம் திரும்பின. ஏழாம் வகுப்பில் அடைத்த அதே இடத்தில் தொண்டை அடைத்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

அந்த மௌனத்தை அக்கா வேறு மாதிரி புரிந்துகொண்டது மறுநாள்தான் தெரிந்தது. இருபது விரிப்பு மடித்தாயிற்று. அடுத்ததை உதறும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்டி ஆரம்பிச்சுது. இல்லாத பக்கத்து வீட்டுக்காரிகூடப் பேசிக்கிட்டிருப்பாங்க. என் மனசு நோகக்கூடாதுன்னு நீ எழுந்து போனே பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வியாழக்கிழமை ஞாபகமறதி டாக்டருக்கு டோக்கன் வாங்கியிருக்கேன்."

பூனையின் கையிலிருந்து ஒரு முனை நழுவியது. இருபத்திரண்டு வருஷத்தில் நழுவியதே இல்லை.

புதன்கிழமை அக்கா எண்ணிய தலையணை உறைகளையே மறுபடி எண்ணினாள். அடுப்பை அணைத்தேனா என்று வீட்டுக்கு இரண்டு தடவை போன் போட்டாள். அவளுக்கு ஒரு மறதியும் இல்லை, பயம்தான். அது பூனைக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அக்கா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு, "பயப்படாமப் போயிட்டு வாங்கக்கா" என்றாள். பாய்லர்காரரும் வாசலில் நின்றார்.

"அக்கா, ஒரே ஒரு ஷீட்டை மடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"வந்து மடிக்கிறேன்டி."

"இல்லக்கா. இப்பவே."

பூனை எதையும் இப்பவே என்று கேட்டதில்லை. அக்கா வந்து முனைகளைப் பிடித்தாள். பூனை உதறினாள். விரிப்பு எழுந்து முகத்தை மறைத்தது. அது இறங்குவதற்குள், வாசலில் நிற்பவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "சின்னவ செத்துத்தான்க்கா போனா."

இன்னொரு உதறு. "உங்ககிட்ட சொன்னதெல்லாம் நானா சொன்னது. லெட்டரு, ஒழுகற வீடு, ரயிலு, எல்லாம்."

மூன்றாவது உதறு. "உங்களுக்கு ஒரு மறதியும் இல்லை. நான் சொன்னதை ஒண்ணுவிடாம ஞாபகம் வச்சிருக்கீங்க."

விரிப்பு இறங்கியது. நான்காவது உதறுக்குத் தெம்பு இல்லை. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூனை விரிப்பின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் உதடு ஏதோ கணக்குப் போட்டது. "ரெண்டாவது வருஷம்... என் தங்கச்சி மேல மூணாம் மாடியில..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் விரிப்பு இருந்தது. தோளில் தேய்த்துக்கொண்டாள்.

பிறகு வெடித்தாள். "அடிப்பாவி! உன் கையிலதானே இருந்துச்சு எல்லாம்? அந்தப் பொண்ணை ஏன்டி மூணு வருஷம் ஒழுகற கூரைக்குக் கீழே கஷ்டப்படுத்தினே? மழை பெய்யறப்பல்லாம் அவளை நினைச்சுத் தவிச்சிருக்கேன்டி நான்!"

"எல்லாமே நல்லதாச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்களேன்னுதான்க்கா..."

"ஒரு நல்ல வீடா பாத்துக் குடுத்திருந்தா குறைஞ்சா போயிருப்பே?"

தையல்காரிதான் முதலில் சிரித்தாள். பாய்லர்காரர் உள்ளே வந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "படத்துக்கு இது எவ்வளவோ தேவலை. அந்த லெட்டர்ல என்னதான் எழுதினா?"

"டாக்டர்கிட்ட டோக்கன் இருக்கேக்கா?" என்றாள் தையல்காரி.

"வேற யாருக்காவது உதவட்டும்." அக்கா ஏப்ரனை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து விரிப்பின் முனைகளை எடுத்தாள். கோபம் இன்னும் புருவத்தில் இருந்தது. ஆனால் கால்கள் பழைய இடத்தில் வந்து நின்றுவிட்டன. "ரயில்ல ஏத்திவிட்டு பதினோரு வருஷமாச்சு. பாவம், கால் மரத்திருக்கும். இறக்கிவிடுடி."

பூனை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். விரிப்பை உதறினாள், இழுத்தாள், நீளவாக்கில் மடித்தாள். முனைகளோடு அக்காவை நோக்கி நடந்தாள். நடுவில் இப்போது மறைப்பு எதுவும் இல்லை.

"ஸ்டேஷன்ல அவளைக் கூட்டிட்டுப் போகப் பெரியவ வந்திருந்தா" என்றாள், அக்காவின் கையில் முனைகளைக் கொடுத்தபடி. "காலையில அஞ்சு மணிக்கே வந்து நின்னுட்டா."