அடுக்கி வைத்த தேனீ

நான் எழுதுவதைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். மகளிர் குழுக் கூட்டத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவள்தான் சொல்வாள். இப்போது எங்கள் தெருவில் நாலைந்து பேர் வீட்டுக் கொல்லையில் தேன்பெட்டி வைக்கக் கிளம்பியிருக்கிறார்கள். எந்தப் பெட்டி வாங்கலாம், எந்த ஈ நல்லது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். வாயால் சொல்ல வராததால் எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் பெட்டிக்கு முன்னால் சித்தப்பாதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. உச்சிப்புளிக்குத் தெற்கே எங்கள் வீடு. எங்கள் தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடுதான் இருந்தது. மதுரையில் மில் வேலை போனதால் சித்தப்பா சித்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முதலில் வாத்து வளர்த்தார். அவை ஒரு மழைநாளில் வரிசையாகக் கண்மாய்ப் பக்கம் நடந்து போயின, திரும்பவில்லை. பிறகு தர்பூசணி போட்டார். அதை மயில் தின்றது. கடைசியாக ராமநாதபுரத்தில் நடந்த தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்தார்.

என் அய்யா அவருக்கு அண்ணன். பொங்கலுக்குள் பெட்டியில் ஈ தங்கினால் தோப்பைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கலாம், தங்காவிட்டால் மதுரையில் சித்தியின் அண்ணன் வைத்திருக்கும் பாத்திரக்கடைக்குப் போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு அந்தக் கடை என்றாலே வேப்பங்காய். மச்சான் கல்லாவில் உட்கார்ந்திருக்க, தான் சருவச்சட்டி தூக்குவதா என்பார்.

சித்தி எதுவும் சொல்லமாட்டார். அவர் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊரில் கிணறெல்லாம் உப்பு. குடிதண்ணீருக்கு மணலில் தோண்டிய ஊற்றில் இறங்கிக் குத்தவைத்து, ஊறஊறத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிறைக்க வேண்டும். ஒரு குடத்துக்கு அரைமணி நேரம் ஆகும். பேச்சுத் துணைக்கு என்னைக் கூட்டிப் போவார். பேசாத பிள்ளையை எதற்குப் பேச்சுத் துணைக்குக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை.

ஒருநாள் மொண்டுகொண்டே, "எங்க வீட்டுல கொழாயத் திருகுனா தண்ணி வந்துரும் புள்ள. நின்னுக்கிட்டே பிடிக்கலாம்" என்றார். நான் அதைக் கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். மார்கழி பிறந்ததும் சித்தி தன் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்க ஆரம்பித்தார்.

தேன்பெட்டி விஷயத்தில் சித்தப்பா தவறு செய்யவில்லை. பெரிய பெட்டி சீமை ஈக்கு, சின்னது நம் ஊர் ஈக்கு என்று பயிற்சியில் சொன்னபடி சின்னதையே வாங்கினார். உப்புக்காற்றில் மரம் வெடிக்காமல் இருக்க, மீன்பிடி வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை வெளிப்பக்கம் மட்டும் அடித்து, வாடை போகும்வரை வெயிலில் வைத்தார். நாலு கால் நிறுத்தி அதன்மேல் பெட்டியை ஏற்றி, எறும்பு ஏறாதபடி ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர்ச் சிரட்டை வைத்தார். இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

தவறியது ஈயில்தான். ஈயின் வகைகளைச் சொல்லிக்கொடுத்த அன்று அவருக்குக் காலை பஸ் கிடைக்கவில்லை. மத்தியானம் போய்ச் சேர்ந்தவர் காதில் விழுந்தது ஒரே ஒரு விஷயம். பெட்டிக்கு அடுக்குத் தேனீதான் வேண்டும்.

எங்கள் பக்கத்து உடைமரங்களில் கிடைப்பது கொம்புத்தேன். குச்சியைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை, பொடி ஈ. சித்தப்பா ஒரு சாயங்காலம் மூன்று கொப்புகளை ஈயோடு வெட்டிக் கொசுவலையில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மூன்றையும் பெட்டிக்குள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டார்.

அய்யா எட்டிப் பார்த்தார். "ஏலே, இது கொம்புத்தேன்லடா. அடுக்குத் தேனீல்ல வேணும்னு சொன்ன?"

"கொம்புல இருக்குற வரைக்கும் கொம்புத்தேன்ணே. இப்ப அடுக்கி வச்சுட்டம்ல."

 எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

தெருக்காரர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். கொம்புத்தேனீ வெளிச்சத்தில் ஒற்றை அடை கட்டும், பெட்டிக்குள் தங்காது. அடுக்குத் தேனீ பொந்து, சுவர் இடுக்கு என்று இருட்டான இடமாகப் பார்த்து வரிசையாகப் பல அடை கட்டும். அடுக்குவது ஈயின் வேலை. நாம் அடுக்க முடியாது.

மறுநாள் காலை ஊற்றிலிருந்து வந்து குடத்தை இறக்கியபோது, குடம் வைக்கும் ஈரமான வைக்கோல் பிரிமனையில் நாலைந்து ஈக்கள் உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சின. சித்தப்பாவின் ஈ என்று நினைத்தேன். ஆனால் இவை அவற்றைவிடப் பெரியவை. சித்தி அவை பறந்து போகும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நடந்தார். அங்கே, முன்பு நெல் கொட்டிவைத்த மண் குலுக்கை ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. விரிசலில் ஈக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. மூடியை லேசாக நகர்த்திப் பார்த்தோம். உள்ளே தட்டுத் தட்டாக ஆறேழு அடைகள். எனக்கே தெரிந்துவிட்டது.

நான் ஓடப்போனேன். சித்தி கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லாத புள்ள. பொங்கல் கழியட்டும்."

விளையாட்டு என்று நினைத்தேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. அப்படி ஒரு ரகசியம் என்னிடம் இருந்ததில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கொம்புத்தேனீக்கள் மூன்றாம் நாள் போய்விட்டன. போகிக்கு இரண்டு நாள் இருந்தது. சித்தப்பா பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து, அடிப்பலகையில் செத்துக் கிடந்த ஈக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். கேலி பேசத் தயாராக வந்த அய்யா அதைப் பார்த்துவிட்டு, அவனுக்குச் சோறு போடு என்று அம்மாவிடம் சொல்லிப் போய்விட்டார். சித்தி அப்போதுதான் இடுப்பில் குடத்தோடு வந்தார்.

சித்தப்பா நிமிராமல் சொன்னார். "ஒங்க அண்ணனுக்குச் சொல்லிவிடு. வாரோம்னு."

சித்தி குடத்தை இறக்கவில்லை. தளும்பித் தளும்பிச் சேலை நனையும்வரை அப்படியே நின்றார். பிறகு இறக்கி வைத்துவிட்டு, "இங்கன வாங்க" என்று கொட்டகைக்குப் பின்னால் நடந்தார்.

அன்று சாயங்காலமே குலுக்கையை உடைத்து, அடைகளை அறுத்து, வாழைநாரால் பெட்டியின் சட்டங்களில் கட்டினார்கள். சித்திதான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ராணி ஈ உள்ளே போனதும் மற்றவை சாரிசாரியாகப் பின்னால் போயின. சித்தப்பாவின் முகத்தை அவ்வளவு வெளிச்சமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"தண்ணி குடிக்க வந்துச்சுங்க. அதுக்கும் இந்த ஊருல நம்ம பாடுதான்."

கைகழுவ வந்தபோது சித்தியிடம் மெதுவாகக் கேட்டேன், பொங்கலுக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் ஏன் சொன்னீர்கள் என்று.

"பொறுக்கல புள்ள" என்றார்.

ரகசியம் வயிற்றில் தங்காத ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நானாக இருந்தால் பொங்கல்வரை வைத்திருப்பேன் என்று பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை சித்தி டிரங்குப் பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்துப் பழையபடி கொடியில் போட்டார். அப்புறம் இரண்டு பேரும் ஊற்றுக்குப் போய் நாலு குடம் தண்ணீர் எடுத்து வந்தோம்.