தேறியது தோல் மட்டும்

அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, அவள் புருசன் எங்கள் திண்டுக்கல் வீட்டில் கொண்டுவந்து விட்டது, ரிப்பேருக்குச் சைக்கிளை விட்டுப்போகிற மாதிரிதான் இருந்தது. நயா பைசா வந்த புதிது. நான் நாலாம் வகுப்பு. அத்தைக்கு முழங்கையிலும் நெற்றி ஓரத்திலும் தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. விரல்கள் வாழைப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தன. விரலை மாமா பார்க்கவே இல்லை. நெய்க்காரப்பட்டியில் அவர் அம்மா இது பெருவியாதியேதான், குஷ்டம்தான் என்று தீர்த்துச் சொல்லி, மருமகளுக்குத் தனித்தட்டு வைத்துவிட்டாளாம்.

"தோலு சுத்தமாகட்டுங்க மச்சான், வந்து கூட்டிக்கிட்டுப் போறனுங்க" என்றார் மாமா.

அப்பா வெங்காயக் கடையைச் சாத்திவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் முதலில் பார்த்தது நகங்களை. ஊசியால் குத்தின மாதிரி அவை குழி குழியாக இருந்ததை நாங்களும் அன்றுதான் பார்த்தோம். பெருவியாதி இல்லை, யாருக்கும் ஒட்டாது, தோலையும் மூட்டையும் பிடித்திருப்பது ஒரே நோய்தான் என்றார். படைக்குத் தார் வாசமடிக்கும் களிம்பு, மூட்டுக்குச் சின்ன மாத்திரை. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து, தான் சொல்கிறபடிதான் குறைக்க வேண்டும் என்று அப்பாவிடம் அழுத்திச் சொன்னார். அப்பா தலையாட்டினார். தலையாட்டுவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை.

மாத்திரை கேட்டது. அத்தை தானே தலை வாரிக்கொண்டாள், எனக்கும் வலிக்க வலிக்க இறுக்கிப் பின்னிவிட்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டு எருமையைக் கறந்து கொடுத்துவிட்டு வந்து, "பாத்தியாடி, கை வந்துருச்சு" என்றாள். மாமா வீடு நிறைய மாடு. அந்த வீட்டில் மருமகள் என்றால் கறக்கிற கைதான்.

நெற்றிப் படை மட்டும் போகவில்லை. தைக்குள் சுத்தமாகாவிட்டால் தன் அம்மா வேறு பெண் பார்க்கச் சொல்கிறாள் என்று மாமாவிடமிருந்து ஆள் வந்தது. அப்பாவுக்குக் கைகால் ஓடவில்லை. ஒரு நாட்டு வைத்தியரிடம் போய் வெட்பாலை எண்ணெய் வாங்கிவந்தார். இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுத்தது, கத்தரிப்பூ நிறம். நல்ல எண்ணெய்தான், நான் குறை சொல்ல மாட்டேன். புளி, கருவாடு, கத்தரிக்காய் ஆகாது என்றுதான் வைத்தியர் பத்தியம் சொன்னார். மாத்திரையையும் அந்தப் பத்தியத்தில் சேர்த்துக்கொண்டது அப்பா.

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லண்ணே" என்றாள் அத்தை.

"இங்கிலீஷ் மருந்து நம்ம மருந்த முறிச்சுப்புடும். ரெண்டும் வயித்துல கெடந்து சண்டை போடும். நீ வாழப் போறியா, இங்கயே கெடக்கப் போறியா?"

மேலே பூசுகிற எண்ணெய் வயிற்றுக்கு எந்த வழியாகப் போகும் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. மாத்திரை சாக்கடைக்குப் போனது.

ஒரு வாரத்துக்குள் அத்தைக்கு உடம்பெல்லாம் செக்கச் சிவந்து, குளிர்க்காய்ச்சல் வந்து, பாயை விட்டு எழ முடியவில்லை. விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. ராத்திரியெல்லாம் முனகினாள். "நோய் வெளிய போகுது, அப்பிடித்தான் இருக்கும்" என்றார் அப்பா. டாக்டரிடம் போவோம் என்று அம்மா சொன்னதற்கு, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது" என்றார். தன் மூஞ்சிக்குப் பட்ட கவலையை அவர் தங்கச்சி விரலுக்குப் படவில்லை. நோய் வெளியே போகும்போது எப்படியிருக்கும் என்று நானும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் பூசிப் பூசித் தை பிறப்பதற்குள் தோல் தேறிவிட்டது. உரித்த வெங்காயம் மாதிரி இருந்தாள். அப்பா பெருமையாக ஆள் அனுப்ப, மாமா மல்லிகைப்பூவோடு வந்தார். நெற்றியைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், சிரித்தார். வந்த புருசனுக்குப் பெண்டாட்டிதானே தண்ணீர் கொடுக்க வேண்டும்? அத்தை செம்பை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியது. மாமா அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தார்.

"ஏனுங்க மச்சான், இந்தக் கையி மாடு கறக்குமுங்களா?"

மாமா பூப்பொட்டலத்தைப் பாயில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகுது என்று எழுந்து போனார். தோலுக்காகக் கொண்டுவந்து விட்டவர் கைக்காக விட்டேவிட்டார். வைகாசியில் அவருக்கு வேறு கல்யாணம் நடந்தது.

அன்று அவர் போன பிறகு அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்று பக்கத்தில் போய் அவள் முழங்கையைத் தடவினேன்.

"ஒனக்குத்தான் எல்லாம் சரியாப் போச்சே அத்தை. ஒரு செதில்கூட இல்ல பாரு. நாளைக்கு எனக்குத் தலை பின்னிவிடுவேல்ல?"

அத்தை என்னை அடித்தாள். விரிக்க முடியாத கையால், முதுகில். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததே இல்லை. எனக்கு வலிக்கவே இல்லை. அடித்தவள்தான் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நல்லதைத்தானே சொன்னேன், இவள் ஏன் அழுகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.