சோஹாரில் விற்ற சிவப்பு மேப்பிள்

துபாய் வெயிலில் மேப்பிள் வளரும் என்றால் நம்புவீர்களா? என் மனைவி கவிதா நம்பினாள். "எந்தச் சூட்டையும் தாங்கும்" என்று ஓமானில் சோஹார் பக்கத்து நர்சரி ஒன்று போட்ட விளம்பரம்தான் காரணம். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை 6.30க்கு, நான்கு வயது மகள் நிலாவோடு காரில் கிளம்பினோம்.

எனக்குச் சந்தேகம்தான். மேப்பிளுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் அதன் சாறு ஓடும். அதைக் காய்ச்சினால்தான் சிரப். சோஹாரில் எது உறையும்?

ஹத்தா வழியாக 214 கிலோமீட்டர். எல்லையில் முக்கால் மணி நேர வரிசை. ஓமான் கார் இன்சூரன்ஸை முன்பே எடுத்துவிடுங்கள்.

10.15க்கு நர்சரி. "அஸ்லி மேப்பிள், பாய்! கனடா!" என்று, அசல்தான் என அடித்துச் சொன்னார் உரிமையாளர். செடி பன்னிரண்டு ரியால். சிவந்த, விரல் விரித்த இலைகள். அழகுதான். ஆனால் மேப்பிள் இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். இதில் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி இருந்தன.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வேலையாள் அருகே வந்தார். விழுப்புரத்துக்காரர், பெயர் செல்வம். "சார், இத வாங்காதீங்க" என்றார் மெதுவாக. வேறு கடைக்கு இழுக்கப் பார்க்கிறாரோ? நான் உரிமையாளர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திடீரென்று அவர் பாய்ந்து நிலாவின் கையைப் பிடித்தார். அவள் வீறிட்டாள்.

"கைய எடுங்க!" என்று கத்தினேன்.

"இது மேப்பிள் இல்ல, ஆமணக்கு சார். கொட்ட வெஷம். பாப்பா வாயில போட்டுச்சா?"

அவள் உள்ளங்கையில் வெடித்த முள்காய். பக்கத்தில் புள்ளி போட்ட இரண்டு கொட்டைகள்.

"ஒரு காய்ல மூணு இருக்கும். ஒண்ணக் காணோம்."

கவிதா நிலாவின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். செல்வம் மண்டியிட்டு மண்ணைக் கிளறினார். கடைசியில் நிலாவே அழுதுகொண்டு கவுன் பையைக் காட்டினாள். மூன்றாவது கொட்டை, பல் படாமல் முழுசாக அங்கே இருந்தது.

"செல்வம்! யல்லா, ஜல்தி!" என்று உரிமையாளர் அவசரப்படுத்தி அதட்டினார். செல்வம் வேலைக்குப் போய்விட்டார். நாங்களும் எதுவும் வாங்காமல் கிளம்பினோம்.

செடி வாங்கப் போகிறவர்களுக்கு: இலைகள் ஜோடியாக இருக்கின்றனவா, காய்க்கு இரட்டை இறக்கை உண்டா என்று பாருங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். கொட்டையை மென்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விற்றவரைச் சந்தேகித்தது சரி. செல்வத்தைச் சந்தேகித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைத்தபோது, கார் எல்லையைத் தாண்டியிருந்தது.