முனியாண்டி கோயில் வளைவு

வேன் ஓட்டித்தான் என் பிழைப்பு. ஆனால் பதினெட்டு வயது மகளுக்கு ஓட்டப் பழக்கும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கத்துவதுதான். "எதையுமே கவனிக்க மாட்டியா? கண்ணு எங்க இருக்கு?" என்று தோட்டத்து லயத்துச் சனம் வேடிக்கை பார்க்கத் திட்டினேன். அவள் அழுதுகொண்டே இறங்கிப் போனாள். மறுவாரம் பதுளையில் ஒரு லேர்னர்ஸில் கார் ஓட்டப் பழகச் சேர்ந்துவிட்டாள்.

அங்கே பழக்கும் மாஸ்டர் குரலை உயர்த்தாத மனிதர். கத்தாமல் என்னத்தைக் கிழிக்கிறார் என்று பார்க்க, ஒருநாள் அவருடைய காரின் பின் சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன்.

மகள் பதறாமல்தான் ஓட்டினாள். முனியாண்டி கோயில் வளைவு வந்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். கார் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

"யாரும்மா இப்படிச் சொல்லிக் குடுத்தது?" அப்போதும் மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலீங்க சேர். சின்னதுல இருந்து பாத்துக்கிட்டுத்தானே வாறேன். இந்த எடத்துல அப்பா ரெண்டு கையாலயும்தான் கும்புடுவாரு."

மாஸ்டர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அங்கே முனியாண்டியும் என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.