ஐரீன் வெளியே வைத்த ஷூக்கள்

ஷிகாகோவில் நான் தரை துடைத்த மலிவு விடுதியில் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிட்ட ஒரே ஜீவன் ஐரீன் ஸ்லோமாதான். அரசு மனநல ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் இருந்தவள். அதை இழுத்து மூடியபோது ஒரு பையில் மாத்திரை, ஒரு பையில் துணியோடு வேனில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டார்கள். இனி சுதந்திரமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். வாய்ச்சொல்லுக்கு என்ன குறைச்சல்?

முதல் நாளே ஷூவைக் கழற்றி அறைக்கு வெளியே வைத்தாள். நாடாவை உள்ளே சுருட்டி, முனை சுவரைப் பார்க்க. காலையில் காணோம். எங்கள் விடுதியில் கண்ணெதிரே இருக்கிற பொருளே காணாமல் போகும்.

“எதுக்கு வெளிய வெச்ச?” என்றேன்.

“ஆஸ்பத்திரில சாயங்காலம் ஷூவ குடுத்துரணும் மிஸ். ராத்திரி ஷூ வெச்சிருந்தா ஓடப்போறான்னு அர்த்தம். கட்டிலோட கட்டிருவாங்க.”

“இங்க யாரும் கட்டமாட்டாங்க. ஓடணும்னா தாராளமா ஓடு.”

“எங்க மிஸ் ஓடுறது?”

சர்ச்சில் பழைய ஜோடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்; அதையும் வெளியேதான் வைத்தாள். சொல்லி அலுத்துப்போய், தினமும் வேலை முடிந்ததும் அவள் ஷூவை வாங்கித் துடைப்ப அலமாரியில் பூட்டுவேன். காலையில், ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடுகிற மாதிரி, “ஸ்லோமா” என்று கூப்பிடுவேன். “இருக்கேன் மிஸ்” என்று வந்து மாட்டிக்கொண்டு, மூலைக்கடைக்குக் காப்பி குடிக்க மகாராணி மாதிரி போவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

பிறகு ஒரு கம்பெனி விடுதியை வாங்கிப் பணக்காரர்களுக்கான வீடுகளாக மாற்றியது. எல்லோரையும் கிளப்பினார்கள். எனக்கு அக்கா வீட்டில் ஒரு சோபாவாவது இருந்தது. ஐரீனுக்குத் தெருதான்.

“தூங்கும்போதும் ஷூவைக் கழட்டாதே. குளிர்ல கால் போயிரும். இது என் உத்தரவு” என்றேன்.

“சரி மிஸ்” என்றாள்.

ஜனவரியில் ஒருநாள் மனசு கேட்காமல் அங்கே போனேன். புது வாசலில் ஒரு காவலாளி நின்றான். முன்பு அங்கே வேலை பார்த்தவள் என்றேன்.

“அப்ப உங்களுக்குத் தெரியுமா? காலைல வந்தா இந்தக் கதவோரம் ஒரு ஜோடி ஷூ இருக்கும். அழகா, சுவத்தப் பாத்து. எடுத்துக் குப்பைல போடுவேன். யாரோ சர்ச்சுல குடுக்கற பழச வாங்கிட்டு வர்றாங்க போல, மறுபடி வேற ஜோடி வரும். போன வாரம் பின்சந்துல ஒரு கிழவி வெறுங்காலோட கிடந்துச்சு. ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க. அதுலருந்து ஷூ வரல.”

அவனைத் திட்ட வாயெடுத்தேன். அவனுக்கு என்ன தெரியும் என்று வந்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைக் கண்டுபிடித்தேன். இரண்டு பாதங்களையும் எடுத்துவிட்டார்களாம். மறுநாள் அனுப்பப்போவதாக நர்ஸ் சொன்னாள்.

“எங்க அனுப்புவீங்க?”

“இடம் பாத்துட்டிருக்கோம்மா.”

ஐரீன் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார முயன்றாள். “கழட்டாதேன்னு ஏன் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும் மிஸ். ஓடுறேனான்னு சோதிச்சீங்க. நான் ஓடல. தினமும் வெளியதான் வெச்சேன். எடுத்துக்கிட்டீங்கல்ல?”

“எடுத்துக்கிட்டேன். பத்திரமா பூட்டி வெச்சிருக்கேன்.”

அவள் முகம் தெளிந்தது. போர்வையின் கால்பக்கம் தட்டையாகக் கிடந்தது.

“காலைல கூப்பிடுங்க மிஸ்,” என்றாள். “நான் தயாரா இருக்கேன்.”