கையெழுத்துப் போட்டவள்

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். பால்காரர் சிரித்தால் பாலைப் பார்ப்பேன். போதகர் என் சமையலைப் புகழ்ந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாரோ என்று யோசிப்பேன். ஒரு சமயம் இயேசு சுவாமியையே சந்தேகப்பட்டேன். அந்தக் கதைதான் இது.

ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் நீராவி எஞ்சினில் ஃபயர்மேன். டிரைவருக்குப் பக்கத்தில் நின்று கரி அள்ளிப் போடுகிற வேலை. எந்த வண்டிக்குப் போகவேண்டும் என்பது அது புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் தெரியும். லோகோ ஷெட்டிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் நீளமான நோட்டு ஒன்றைக் கொண்டுவருவார். அதற்குக் கால் புக் என்று பெயர், இங்கிலீஷில் கால் என்றால் கூப்பிடுவது. வண்டியும் நேரமும் எழுதியிருக்கும். எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டால் போயே ஆகவேண்டும். காய்ச்சல், கல்யாணம், கருமாதி ஒன்றும் செல்லாது. நோட்டைக் கொண்டுவருகிறவரைக் கால் பாய் என்பார்கள். பேர்தான் பாய், அவருக்குப் பேரன் பேத்தி எல்லாம் இருந்தார்கள். முஸ்லிம் பெரியவர் என்பதால் எப்படியும் நாங்கள் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டிருப்போம்.

ஒரு நாள் இவர் குளித்துக்கொண்டிருக்கும்போது பாய் வந்துவிட்டார். இன்னும் நாலு வீட்டுக்குப் போகவேண்டும் என்று பறந்தார். நானே நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

"யம்மா, கையெழுத்து உங்களுது. ஆளு வரலைன்னு வெச்சுக்கங்க, உங்களைத்தான் எஞ்சின்ல ஏத்துவேன். கரி அள்ளிக்கினு திருச்சி வரைக்கும் போய்ட்டு வரணும், ஆமா."

"ஏத்துங்க பாய். எங்க வீட்டு அடுப்புக்கு அந்த அடுப்பே மேலு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

இந்தப் பேச்சு நடந்த சில நாட்களில், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இயேசு என்னைக் கூப்பிடறாரு."

"எந்த வண்டிக்கு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரயில்வே வேலையை விட்டுவிட்டு உபதேசியார் பயிற்சிக்குப் போகவேண்டும். முடித்தால் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் சபையைக் கவனிக்க அனுப்புவார்கள். மனு எழுதிப் போட்டாயிற்று. பயிற்சிப் பள்ளியிலிருந்து கடிதம் வரவேண்டியதுதான் பாக்கி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று பிள்ளைகள். குவார்ட்டர்ஸ் போய்விடும், இலவச ரயில் பாஸ் போய்விடும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போய்விடும். உபதேசியார் வீட்டுப் பிழைப்பை நான் பிறந்த திண்டிவனத்தில் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். சட்டை போதகர் வீட்டுப் பழசு, சாப்பாடு சபையார் மனசு. அதற்கா இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தேன்?

அதற்கும் மேலே ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வேதத்தில் இருப்பது. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து வருஷா வருஷம் பரிசு வாங்கியவள் நான். இவரோ மிஷன் ஹாஸ்டலில் படிக்கும்போது ஞானஸ்நானம் பெற்ற ஆள். ஓர் அதிகாரத்தைத் தேடி எடுப்பதற்குள் ஆராதனையே முடிந்துவிடும். என்னை ஒரு தரம்கூடக் கூப்பிடாத இயேசு இவரை மட்டும் எப்படிக் கூப்பிடுவார்? இதில் வேறு என்னவோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

யோசிக்க யோசிக்க ஒன்று உறைத்தது. ஓய்வு நாள் கிடைத்தால் போதும், இவர் திண்டிவனத்துக்கு வண்டி ஏறிவிடுவார். கேட்டால் "ஜெபம்" என்பார். என் அம்மா வீடு இருக்கிற ஊர். அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படி என்ன ஜெபம்? எந்தத் தெருவில் ஜெபம்? எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் மூக்கு வேர்க்காது?

அடுத்த ஓய்வு நாளில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அதே பாசஞ்சரில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். திண்டிவனத்தில் இறங்கும்போது இடது கால் செருப்பின் வார் அறுந்து தொலைந்தது. ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டு, டக் டக்கென்று சத்தம் போடும் செருப்போடு பின்னாலேயே போனேன். மண்டித் தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு தரம் ஒளிந்துகொண்டேன். மூட்டை தூக்குகிறவர் ஒருவர், "இன்னாம்மா தேடறே?" என்று கேட்டார். "கம்மல் விழுந்துட்டுது" என்று புளுகினேன். பாவம், அவரும் குனிந்து தேடினார்.

ஒரு சந்துக்குள் இருந்த ஓட்டு வீட்டில் இவர் நுழைந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தேன். வளையல் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்டது ஓர் ஆம்பளையின் கத்தல்.

"டேய் கழுதை! படிக்கிறியா, மாடு மேய்க்கிறியா? எழுத்துக் கூட்டாம ஜல்தி படிடா!"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. இவர் வேலையில் சேர்ந்த புதிதில் எந்த டிரைவரிடம் கரி அள்ளினாரோ அவர். ரிடயராகி, மனைவி செத்து, இரண்டு கண்ணும் போய்த் தனியாகக் கிடந்தார். வாய் கூசாமல் திட்டுவார் என்று சபையார் யாரும் அந்த வாசலை மிதிப்பதில்லை. இவர் தட்டுத்தடுமாறி வேதம் வாசிக்க, அந்த மனிதர் வரிக்கு வரி வைதுகொண்டிருந்தார்.

சந்தேகம் தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! வாரிசு இல்லாத கிழவர், சொந்த வீடு, ஒருவேளை இவர் அதற்குத்தான் அடிபோடுகிறாரோ என்று அந்த ஜன்னலடியில் நின்றே நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அன்று இவர் வாசித்தது கலிலேயாக் கடற்கரையில் இயேசு மீன்காரர்களைக் கூப்பிட்ட கதை. அவர் வா என்கிறார், அவர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் போய்விடுகிறார்கள். பரிசு வாங்குவதற்காக நான் எத்தனையோ தரம் ஒப்பித்த கதைதான். ஆனால் அன்று வண்டியில் திரும்பும்போது முதல் தடவையாக எனக்கு அதன்மேல் கோபம் வந்தது. அந்த மீன்காரர்களில் ஒருவருக்கு மாமியார் உண்டு. காய்ச்சலாகக் கிடந்தாள், இயேசுவே போய்க் குணமாக்கினார் என்று வருகிறது. மாமியார் இருந்தால் மனைவி இருக்கவேண்டுமே? அவளிடம் யார் சொன்னார்கள்? அன்று சாயங்காலம் உலை வைத்துவிட்டு அவள் யாருக்காகக் காத்திருந்தாள்? கரையில் கிடந்த வலையை யார் மடித்து எடுத்து வைத்தது? ஆண்டவரே, ரயில்வேக்குக்கூட இரண்டு மணி நேரம் முன்னால் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற மரியாதை இருக்கிறது, நீர் நேரே கரைக்குப் போய்க் கூட்டிக்கொண்டு போய்விட்டீரே என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கடிதம் பதினைந்து நாளில் வந்தது. ரிஜிஸ்டர் தபால். கூடவே, கிடைத்தது என்று கையெழுத்துப் போட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகிற அட்டை. இவர் டூட்டியில் இருந்தார். தபால்காரர் எங்களுக்குப் பழக்கமானவர், அட்டையை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். உள்ளே போய்ப் பிரித்துப் படித்தேன். இன்ன தேதிக்குள் வந்து சேரவேண்டும் என்று எழுதியிருந்தது. அதை நாலாக மடித்துக் கேப்பை மாவு டின்னுக்குள் அடியில் வைத்து, மேலே மாவைக் கொட்டினேன். கையைத் தட்டிவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதன்பிறகு, தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போவார். திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிடுவார். அந்தத் தேதி தாண்டிப்போனது. அதற்கப்புறமும் ஒரு மாதம் எழுந்து போய்க்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அவரு கூப்பிடலை போலக்கீது. நான்தான் தப்பா காதுல வாங்கிட்டேன்" என்றார்.

என்னை ஒரு வார்த்தை சந்தேகப்பட்டிருக்கலாமே! தபால்காரரை, ஆபீஸை, போதகரை, யாரையாவது. தன் காதையே சந்தேகப்பட்டார். அன்று நான் கேப்பைக் களி கிண்டினேன். என் பங்கைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் போட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து திரும்பியவர் முகத்தில் ஈயாடவில்லை. போதகரைப் பார்த்தேன் என்றார், அவ்வளவுதான். அவர் குளிக்கப் போனதும் மாவு டின்னைக் கவிழ்த்தேன். கடிதம் அங்கேயே இருந்தது, தரையில் சிந்திய மாவைத்தான் கூட்ட மறந்துவிட்டேன். மறுநாள் பார்த்தேன், காணோம்! கத்துவார் என்று காத்திருந்தேன். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. பிள்ளைகளோடு விளையாடுகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். திட்டாத புருஷனை நம்பலாமா? எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

மூன்றாம் நாள் அவருக்கு ஓய்வு. திண்டிவனத்துக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது பாய் நோட்டோடு வந்தார். ஆள் குறைவாம், மத்தியான கூட்ஸ் வண்டிக்குப் போகவேண்டுமாம். இவர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு பையிலிருந்து அந்தக் கடிதத்தையும் அதோடு போன அட்டையையும் எடுத்து என் முன்னால் வைத்தார். போதகர் பயிற்சிப் பள்ளியில் விசாரிக்க, அங்கே திரும்பிப் போயிருந்த அட்டை அவர் வழியாக இவர் கைக்கு வந்திருக்கிறது.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுது."

"கையெழுத்து போட்டவங்கதானே போவணும்? திண்டிவனத்துல அந்தாளு காத்துக்கினு இருப்பாரு. நான் கூட்ஸுக்குப் போறேன். நீ போ."

"தண்டனையா?" என்றேன்.

"இல்ல. கால்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பாய்க்கு விஷயம் ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ரூலு ரூலுதாம்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். வழி முழுக்க, இது ஏதோ சூழ்ச்சி, கிழவரைக்கொண்டு என்னைத் திட்டவைக்கப் பார்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டு போனேன். வாசலில் கால் வைத்ததும் டிரைவர் தலையைத் தூக்கினார்.

"யாரு?"

"ஃபயர்மேன் வீட்டுக்காரிங்க. அவரு கூட்ஸுக்குப் போயிட்டாரு."

"உனக்காவது ஒழுங்கா படிக்க வருமா? அந்த மீன்காரன் கதையைப் படி."

தங்குதடையில்லாமல் படித்தேன். பரிசு வாங்கியவள் அல்லவா. அவர் ஒரு வசவுகூட விடவில்லை. முடித்ததும் சலித்துக்கொண்டார். "உன் புருஷன் படிச்சா நாலு எடத்துல நிப்பான், நாலு வார்த்தை திட்டிக்கினு நல்லா பொழுது போவும். நீ மூச்சே விடமாட்டேன்றே." பிறகு தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "அந்த மீன்காரனுக்குப் பொண்டாட்டி உண்டில்ல? மாமியாருக்குக் காய்ச்சல்னு வருதே."

நான் வேதத்தை மூடினேன். "உண்டுங்க."

"அவ இன்னா பண்ணா?"

"எழுதலீங்க."

"எழுதணுமா அத? இந்தாளு யாரு பின்னால போறான், எங்கே போறான்னு பார்க்க அவளும் பின்னாலயே போயிருப்பா. நீ வந்து என் ஜன்னலாண்ட நின்னியே, அந்த மாதிரி."

"நானா?"

"கண்ணுதான் போச்சு, காது போவலை. அன்னைக்கும் இதே டக் டக்குதான். செருப்பை மாத்தும்மே. பயப்படாதே, அவன்கிட்ட சொல்லலை."

ஊக்கு இன்னும் அந்தச் செருப்பிலேயே இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், பாதி வெட்கம், பாதி கோபம். என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை என்று எத்தனை வருஷமாக இயேசுவிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்! டிரைவர் அழுகையைக் கேட்காததுபோல் மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பயிற்சிப் பள்ளிக்கு நானே எழுதினேன். போன கடிதம் வந்தது, வாங்கியது நான், ஒளித்ததும் நான், சேரவேண்டியவருக்குச் சேரவில்லை, மறுபடியும் அனுப்பவேண்டும் என்று எழுதி, இவரிடம் காட்டிவிட்டுத் தபாலில் போட்டேன். அவர் படித்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லை என்று மட்டும் சொன்னார். பதில் வருமா என்று எனக்குச் சந்தேகம்தான். அடுத்த வருஷம் வந்தது.

தபால்காரர் அட்டையை நீட்டினார். "நான் போடமாட்டேங்க. ஆளு ஷெட்ல இருக்காரு, வாங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு லோகோ ஷெட்டுக்கே போய்விட்டேன். இவர் எஞ்சினிலிருந்து இறங்கி, கரிக் கையோடு அட்டையை வாங்கினார். கையெழுத்துப் பக்கத்தில் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது. தேதியைச் சரியாகப் போடுகிறாரா என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷெட் வாசலில் சைக்கிளோடு நின்றிருந்த பாய்க்கு இதற்குள் எல்லாக் கதையும் தெரிந்திருந்தது.

"இன்னா யம்மா, இந்த வண்டிக்கு நீங்களும் உண்டா?"

"உண்டு பாய். இந்தாளு எங்கே போறாருன்னு நான் பார்க்கவேணாமா?"